இரண்டாம் நினைவூட்டல்

முதலில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்ளுங்கள் ஐயா. உங்கள் வழக்குக் காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'அங்கூட்டா சாப்' என்று போலீஸ்காரர் எழுதியிருப்பதாக மொழிபெயர்ப்பாளர் ராமச்சந்திரன் சார் சொன்னார். கைநாட்டுப் பேர்வழி என்று அர்த்தம். அது தவறு. எனக்குப் படிக்கத் தெரியும். இதை எழுதிக்கொண்டிருப்பதும் நான்தான். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

என் பெயர் ராஜவேல். வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் சின்னசேலம் பக்கம். ஏஷியாட் விளையாட்டுக்குக் கட்டட வேலை நடந்தபோது டெல்லிக்கு வந்தவன், திரும்பவில்லை. நாற்பத்து நாலாம் வயதில் எழுத்துக் கற்றேன். வைதேஹி என்று ஒரு அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடிசைப் பக்கம் வந்து கூலிக்காரர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பதினெட்டுப் பேர் ஆரம்பித்தோம். கடைசிவரை போனவன் நான் ஒருவன். மற்றவர்கள் வீட்டில் சிலேட்டு சோற்றுப் பானைக்கு மூடியாகிவிட்டது. தமிழ் எனக்குத் தடையில்லாமல் வரும். இங்கிலீஷும் வரும், எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். இந்தி பேசுவேன், படித்ததில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே கொடி கட்டித் துணி காயப்போட்டது போல இருக்கும் அந்த எழுத்து. எனக்கு அது தேவைப்படவில்லை.

காலமான அனந்தகிருஷ்ணன் சார் வீட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். மயூர் விஹார், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தக் கட்டடம் எழும்பும்போது செங்கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நடைக்குப் பன்னிரண்டு கல். முதுகு போன பிறகு, அதே வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, கைபிடித்து நடத்துகிற வேலை கிடைத்தது. முதல் நாள் வாசலில் நின்ற என்னைப் பார்த்து அவர் கேட்டார்.

"படி ஏற முடியுமோடா உன்னால?"

ஏறுவேன் சார் என்றேன்.

அவரைப் பற்றிக் கெட்டதாக எதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகம். மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகன் கௌஷிக் அமெரிக்காவில். அவருக்குக் கை நடுங்கும், கால் தாங்காது, சர்க்கரை உண்டு. பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். சர்வீசில் இருந்த காலத்தில் ஒரு கடிதம்கூடத் தன் கையால் எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அறைக்குள் நடந்துகொண்டே சொல்வாராம், ஸ்டெனோ குறித்துக்கொள்வாராம், டைப் ஆகி வந்ததும் ஸ்டெனோ விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவாராம்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறவன் க்ளார்க்குடா. ஆபீசர் படிக்க மாட்டான்."

எழுத்துக்கூட்டிப் படிக்க ஆறு வருஷம் பட்ட ஒருவனிடம் இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நான் படித்தவன் என்று நான் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை.

இரண்டாயிரத்து ஒன்று தீபாவளிக்கு வந்த கௌஷிக் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதில் கம்ப்யூட்டரில் போடுகிற ஒரு தட்டும், தலையில் மாட்டுகிற ஒரு மைக்கும் இருந்தன. கம்ப்யூட்டரை நேரு பிளேஸில் வாங்கி வந்தார். மைக்கை மாட்டிக்கொண்டு பேசினால், பேசுகிறதெல்லாம் திரையில் எழுத்தாக வந்துவிடும். இங்கிலீஷில் பேச வேண்டும், அவ்வளவுதான். முதலில் அதற்குக் குரலைப் பழக்க வேண்டுமாம். சார் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு கதையை அரைமணி நேரம் அதற்குப் படித்துக் காட்டினார். அதன்பிறகு அது அவர் சொன்னதை மட்டும் கேட்டது. கௌஷிக் பேசினால் உளறியது.

"இந்த வீட்டுலயே என் பேச்சைக் கேக்கற ஒரே ஜீவன் இதான்" என்றார் சார். கௌஷிக் சிரித்தார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன்.

நிறுத்தற்குறியையும் வாயால் சொல்ல வேண்டும். கமா, ஃபுல் ஸ்டாப் என்று. தப்பாகச் சொல்லிவிட்டால் 'ஸ்க்ராட்ச் தட்' என்பார், கடைசியாகச் சொன்னது அழிந்துவிடும். அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் என்னிடமும் அப்படியே பேச ஆரம்பித்தார். "ராஜவேலு, தோசை வார்த்துண்டு வா. ஸ்க்ராட்ச் தட். உப்புமா." நான் மாவை மூடி வைத்துவிட்டு ரவையை எடுப்பேன்.

கம்ப்யூட்டரைப் போடுவது, எந்தப் படத்தில் எத்தனை தடவை தட்டுவது, அச்சு எடுப்பது, எல்லாம் என் வேலை. எனக்குக் கௌஷிக் கற்றுக்கொடுத்தது இரண்டு நாள். படத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், எழுத்து வேண்டாம் என்று அவரே சொன்னார். திரையின் மூலையில் ஒரு மைக் படம் இருக்கும். படுத்திருந்தால் அது தூங்குகிறது, நின்றால் கேட்கிறது. அது நிற்கிறதா என்று பார்ப்பதற்காக நான் அவருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. அவர் வாயில் ஒரு சொல் வரும், ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து அதே சொல் எழுத்தாக வந்து நிற்கும். காதால் கேட்டது கண்ணுக்கு எதிரே. எந்த வாத்தியாரும் இவ்வளவு பொறுமையாக, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அடிக்காமல் சொல்லித்தர மாட்டார். அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பது வேறு விஷயம்.

சார் எழுதியதெல்லாம் புகார்க் கடிதங்கள். கூட்டுகிறவள் சரியில்லை. வாட்ச்மேன் தூங்குகிறான். கீழ்வீட்டு டாக்டரம்மா காரைத் தப்பான இடத்தில் நிறுத்துகிறார். சொசைட்டி செக்ரட்டரி ஜகந்நாதன் சாருக்கு வாரத்துக்கு இரண்டு கடிதம் போகும். பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல், பிறகு இரண்டாம் நினைவூட்டல். நான் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வருவேன். அந்தக் கடிதங்களால் ஒரு வாட்ச்மேனுக்கும் இரண்டு வேலைக்காரிகளுக்கும் வேலை போனது. மெஷின் வந்த பிறகு அவருக்கு இது சுலபமாகிவிட்டது. மூச்சு விடுகிற செலவுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் நீளமாக ஒரு மனு சொன்னார். ஏழெட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெரிய ஆபீசுக்கு அதை நான்தான் எடுத்துப்போனேன். பஸ்ஸில் போகும்போது பிரித்துப் படித்தேன். ரோட்டு லைட்டு வேண்டும் என்று எழுதியிருந்தது.

சாயங்காலம் என் மனைவி வேலம்மாள் கேட்டாள். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் முப்பத்தொரு குடிசைகள் இருந்தன. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் வீடு நாலாவது.

"இன்னாய்யா எழுதியிருக்குது அதுல?"

"ரோட்டு லைட்டுக்கு."

"நெசமாவா? நீயே படிச்சியா?"

"பின்ன? முழுசாப் படிச்சேன்."

அவளுக்கு அது பெரிய விஷயம். குழாயடியில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். எங்க வூட்டுக்காரரு சாரு எழுதற இங்கிலீஷையே படிச்சுடறாரு என்று.

ஏப்ரலில் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். கதவில் சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் போட்டார்கள். மறுநாள் வந்து வீடு வீடாக ரேஷன் கார்டு பார்ப்போம் என்று சொல்லிப் போனார்கள். எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். லைட்டுக் கம்பம் நடக் கணக்கெடுக்கிறார்கள் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் கரண்டு ஏது? கம்பியில் கொக்கி மாட்டி இழுத்ததுதான். பிடிபட்டால் அபராதம். அதனால் கொக்கிகளைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு அத்தனை பேரும் வெளியே போய்விட்டார்கள். வேலம்மாள் ரேஷன் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு காளிபாரி கோயில் வாசலில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கணக்கு லைட்டுக்கு அல்ல. குடிசையை இடிக்கும்போது யார் யாருக்கு வேறு இடத்தில் மனை கொடுப்பது என்பதற்கான கணக்கு. முப்பத்தொரு வீட்டுக்கும் நேரே 'பூட்டியிருந்தது, ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மே மாதம் புல்டோசர் வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, பதினொன்றுக்கு முடிந்துவிட்டது. நான் அப்போது மாடியில் சாருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு, "என்னடா அது?" என்றார். பிறகு அவரே, "ஓ, வந்துட்டானா" என்றார்.

மனை கிடைக்காதவர்களில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். வேலம்மாளும் அவர்களோடு போனாள். ரயில் புறப்படுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"படிச்சுட்டுத்தானே சொன்ன?"

"படிச்சுட்டுத்தான் சொன்னேன். அந்தாளு பின்னாடி பேப்பரை மாத்திட்டாரு."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நான் நாலு கடிதம் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள்.

சார் தாராளமாக நடந்துகொண்டார். "இனிமே இங்கயே சமையக்கட்டு பால்கனில படுத்துக்கோ. உனக்கும் போக வர அலைச்சல் மிச்சம்" என்றார். இடித்ததில் எனக்கு லாபம் என்பது போல.

அந்த மனு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் திறந்தேன். பதினோரு நாள் ஆனது முழுவதும் படிக்க. சாக்கடை ஓரத்தில் முப்பத்தொரு குடிசைகள், திருட்டு, குடி, நாற்றம், கரண்டுத் திருட்டு. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை என்று ஒரு வரி. அந்த வரியில் இரண்டு நாள் நின்றேன். எழுத்து புரியாமல் இல்லை.

எங்கிருந்து வந்தோம் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். அவர் உட்கார்ந்திருந்த அறையின் சுவரைத் தட்டிக் காட்டினால் போதும். நான் சொல்லவில்லை. குடிசைக்காகக் கோபப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். குடிசை என்றால் ஒரு நாள் இடிப்பார்கள், அது எல்லாருக்கும் தெரியும். என்னால் பொறுக்க முடியாமல் போனது இன்னொன்று.

ஜூலையில் ஒரு நாள் அச்சான பக்கத்தைத் தெரியாமல் தலைகீழாக அவர் கையில் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அவர் பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்து, தலையை இடமிருந்து வலமாக மெல்ல அசைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வந்து, "ம், சரியா இருக்கு" என்றார். விரலை வைத்தேன். கையெழுத்துப் போட்டார். தலைகீழான கடிதத்தில் நேரான கையெழுத்து.

கண் போய்விட்டிருந்தது ஐயா. சர்க்கரை தின்றுவிட்டது. வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்து தெரியாது. மகனிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. படிக்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாக என்று தெரியாது. எனக்கு அருவருப்பாக இருந்தது. படிக்கத் தெரியாதவனைப் பொறுத்துக்கொள்ளலாம். படித்தேன் என்று நடிக்கிறவனை என்ன செய்வது?

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் மைக் ஒயர் செருகியிருந்த இளஞ்சிவப்பு ஓட்டையிலிருந்து அதை உருவிவிட்டேன். ஒரு விரல் வேலை. தலையில் மைக்கை மாட்டிவிட்டேன். "ரெடியா?" என்றார். "ரெடி சார்" என்றேன்.

அந்த மாதம்தான் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை ஆரம்பித்திருந்தார். முதல் பக்கம் மட்டும் மெஷினில் ஏறியிருந்தது. அதன்பிறகு ஜூலையிலிருந்து ஜனவரி வரை, தினமும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, செத்த மைக்கில் சொன்னார். கமா விடாமல் சொன்னார். தினமும் முடிவில் அந்த முதல் பக்கத்தையே அச்செடுத்துக் கொடுத்தேன். தலையாட்டி, மூலையில் இனிஷியல் போட்டார். மை தீர்ந்த பிறகு வெள்ளைத் தாளையே வைத்தேன். அதிலும் போட்டார். அடுக்கைக் கையில் வாங்கி எடை பார்ப்பார். "கனமா இருக்குடா" என்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கௌஷிக் எவ்வளவு ஆயிற்று என்று கேட்பார். நூத்தி நாற்பது பக்கம் என்பார் சார். "வரும்போது மொத்தமாப் படிச்சுக்கறேம்ப்பா" என்று அந்தப் பக்கம் கேட்கும். அந்தக் குடும்பத்தில் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டவன் நான் ஒருவன்தான். நன்றாகச் சொல்வார், அதை மறுக்க மாட்டேன். ஒரு நாள், தன் மனைவி அம்புஜம் அம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துகொண்டிருந்தபோது, கையிலிருந்த ஒரு ஃபைலை முடித்துவிட்டுத்தான் ஆபீசிலிருந்து கிளம்பியதாகவும், போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு, ஸ்க்ராட்ச் தட் என்றார். மெஷின் கேட்டிருந்தால் அழித்திருக்கும். நான் அழிக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இங்கே எழுத முடிகிறது.

இனி ஜனவரி. பனி மூடி, எதிர்க் கட்டடமே தெரியாத வாரம். ஞாயிற்றுக்கிழமை கௌஷிக் போன் பண்ணிப் பேசினார். திங்கட்கிழமை சாருக்குக் காய்ச்சல், மார்ச்சளி, மூச்சு வாங்கியது. டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னார். போனை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, "ரோடு தோண்டறாங்க சார், லைன் செத்துடுச்சு" என்று காதில் வைத்துக் காட்டினேன். பிறகு படியிறங்கி இரண்டாவது மாடி வரை போய், கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு ஏறி வந்தேன்.

"டாக்டரம்மா கார் விஷயமா நீங்க புகார் எழுதினீங்களாம் சார். அதனால வாய்ல சொன்னா வர மாட்டாங்களாம். செக்ரட்டரி மூலமா எழுத்துல கேக்கணுமாம்."

உலகத்தில் வேறு யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். அவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

"ஜகந்நாதன் கத்துண்டுட்டான். அச்சா. அதான் முறை. எதுவும் ரெக்கார்டுல இருக்கணும். என்னைத் தூக்கி நாற்காலில உக்கார வை."

போர்வை சுற்றி உட்காரவைத்தேன். மைக்கை மாட்டினேன். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். பொருள், கோலன், மருத்துவ உதவி கோருதல், ஃபுல் ஸ்டாப். ஐயா, கமா, கீழே கையொப்பமிட்டுள்ள நான் காய்ச்சலாலும் மூச்சுத் திணறலாலும் அவதிப்படுகிறேன், ஃபுல் ஸ்டாப். என் வேலையாள் விசுவாசமானவன், கமா, ஆனால் எழுத்தறிவற்றவன், கமா, அவனால் யாருக்கும் எதையும் விளக்க இயலாது, ஃபுல் ஸ்டாப்.

அந்த இடத்தில் அவர் ஸ்க்ராட்ச் தட் சொல்வாரா என்று பார்த்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். சொல்லியிருந்தால் கீழே போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அடுத்த பாராவுக்குப் போய்விட்டார்.

வெள்ளைத் தாள் வைத்தேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே போய், கேட்டருகே டீ குடித்துவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னான்?"

"பரிசீலனைல இருக்குதாம் சார்."

அந்தச் சொல்லை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை பதிலுக்குக் காத்திருந்தார். புதன்கிழமை முதல் நினைவூட்டல் சொன்னார். வியாழக்கிழமை இரண்டாம் நினைவூட்டல். அதற்குள் ஒரு வரி சொல்ல மூன்று தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. முந்தைய கடிதங்களின் தேதியைக் கேட்டு, அதையும் சேர்த்துச் சொன்னார். ஃபுல் ஸ்டாப்பை மறக்கவில்லை. இந்த நாலு நாளும் நான் கவனிப்பில் குறை வைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தேன், வெந்நீரில் துடைத்துவிட்டேன், வேட்டி மாற்றினேன். வியாழன் மத்தியானம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜவேலு, நீயே வாயால சொல்லிப் பாரேன்டா. கெஞ்சிக் கேளேன்."

"சொன்னேன் சார். எழுத்துல இருக்கறத மட்டுந்தான் பாப்பாங்களாம்."

கையை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை விடியும்போது மூச்சு இல்லை. போன் ஒயரைச் சுவரில் செருகிவிட்டு, கீழே போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டதும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் மேலே ஓடிவந்தார். நல்ல மனுஷி. நிமோனியா, வயது, குளிர் என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். கௌஷிக் வந்தார், காரியம் செய்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பதின்மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தவர், ஒரே பக்கம் நூற்றுக்கும் மேலே, அதன் கீழே கையெழுத்திட்ட வெள்ளைத் தாள்களாக இருந்ததைப் பார்த்தார். தெரிந்த போலீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், யாராவது அப்பாவை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்களோ என்று. போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் அங்கூட்டா சாப், இவனுக்கென்ன கம்ப்யூட்டர் தெரியும் என்று இந்தியில் சொன்னார்.

"ஆமாம், அவன்மேல சந்தேகமே வேண்டாம். பாவம், அவனுக்கு ஏ பி சி டி கூடத் தெரியாது" என்று கௌஷிக்கும் இந்தியில் சொன்னார். "அப்பாவுக்குத்தான் கடைசில மூளை பெசகிடுத்து."

நான் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். பின்பக்கம் குனிந்து மைக் ஒயரை இளஞ்சிவப்பு ஓட்டையில் செருகிக் காட்டினேன். பிறகு அந்த மனுவைத் திறந்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். என் உச்சரிப்பு கோணலாக இருந்தது என்பது கௌஷிக்கின் முகத்தில் தெரிந்தது. ஆனால் கடைசி வரிவரை படித்தேன். பிறகு மற்றதைச் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அனந்தகிருஷ்ணன் சாரைச் சாக விட்டது நான்தான். தெரிந்து, யோசித்து, நாலு நாள் எடுத்துக்கொண்டு செய்தேன்.

நேற்று இதை முடித்துக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடைசித் தாளை இன்று எழுதுகிறேன், ஏனென்றால் ராமச்சந்திரன் சார் ஒரு கேள்வி கேட்டார். மெஷின் பார்த்துத்தான் உனக்கு இங்கிலீஷ் வந்தது, மனுவைப் படிக்கப் பதினோரு நாள் ஆனது என்கிறாய், அதை எடுத்துப்போன அன்று பஸ்ஸில் எப்படிப் படித்தாய் என்று.

அவர் படித்தவர், அதனால் கேட்கிறார். பஸ்ஸில் நான் பேப்பரைப் பிரித்தது உண்மை. எல்லா வரியையும் பார்த்தது உண்மை. பாதி எழுத்து தெரிந்தது, சொல் சேரவில்லை. லைட்டு என்று அதில் இல்லை. கிளம்பும்போது, "இது என்னா பேப்பர் சார்?" என்று கேட்டதற்கு, "ரோட்டு லைட்டுக்குடா, போ, ஜல்தி" என்று சார் சொன்னார். அதைத்தான் வேலம்மாளிடம் சொன்னேன். படித்ததாகச் சொன்னேன். ஒரு சின்ன வித்தியாசம்தான். பொய் சொன்னவர் அவர். வேலம்மாளுக்கு இதை யாரும் எழுத வேண்டாம்.

என் வாக்குமூலத்தை இந்தியில் மாற்றி டைப் அடித்து வைத்திருந்தார்கள். பதினாலு பக்கம். ராமச்சந்திரன் சார், "படிச்சுக் காட்டட்டுமாய்யா?" என்று கேட்டார். அறையில் அந்தப் போலீஸ்காரரும் நின்றிருந்தார். வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியாக இடமிருந்து வலமாகப் போய், பக்கம் பக்கமாகப் புரட்டி, சரியாக இருக்கிறது என்றேன். ராமச்சந்திரன் சார் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக்கெல்லாம் கோடு மேலேதான் இருந்தது, அதனால் தலைகீழாகப் பிடிக்கவில்லை என்பது நிச்சயம்.